காகாபோவின் கூட்டைக் காப்பது எப்படி

நியூசிலாந்தின் பறக்க இயலாத கிளியான காகாபோ, ஆபத்தை உணர்ந்தால் ஓடாமல் நின்ற இடத்திலேயே அசைவற்று உறைந்துவிடும். வானிலிருந்து கண்ணால் வேட்டையாடிய பறவைகளிடமிருந்து அதன் பாசி நிறச் சிறகுகள் அதை மறைத்தன. மோப்பம் பிடித்து வரும் பூனையிடமும், கீரியைப் போன்ற ஸ்டோட்டிடமும் அதே பழக்கம் அதற்கு எமனாயிற்று. ஆகவே கூட்டைக் காக்கும் வேலை தீவைக் காப்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1894 முதல் ரிச்சர்ட் ஹென்றி என்பவர் ரெசல்யூஷன் தீவுக்கு நூற்றுக்கணக்கான பறவைகளைக் கொண்டு சேர்த்தும், சில ஆண்டுகளில் ஸ்டோட்டுகள் கடலை நீந்திக் கடந்து அங்கேயும் வந்துவிட்டதால், அவர் பட்ட பாடு வீணாயிற்று.

இன்று காகாபோ வாழும் முக்கியமான தீவுகளுள் ஒன்றான வெனுவா ஹோவில், 1998இல் எலிகள் முற்றிலுமாக ஒழிக்கப்பட்டன. அங்கே அனுமதியின்றி எவரும் காலடி வைக்க முடியாது. அனுமதி பெற்றுச் செல்பவர், புறப்படும் முன் மூடிய அறையில் தம் பையின் ஒவ்வோர் அறையையும் திறந்து உதற வேண்டும். காலணியின் அடியில் ஒட்டிய மண்ணையும், காலுறையில் சிக்கிய விதையையும் எடுத்துவிட வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் சினையுற்ற ஒற்றை எலி பைக்குள் பதுங்கி வந்துவிட்டால், பல ஆண்டு உழைப்பு பாழாகிவிடும்.

அடுத்தது, ஒவ்வொரு பறவையும் எங்கே இருக்கிறது என்பதை அறிதல். முதுகுப்பை போல மாட்டப்படும் சிறு டிரான்ஸ்மிட்டரின் மின்கலம் தீரும் முன், பறவையைத் தேடிப் பிடித்து ஆண்டுதோறும் அதை மாற்ற வேண்டும். அப்படிப் பிடிக்கும்போதே எடையும் பார்த்துவிட வேண்டும்.

என் பார்வையில், இந்தப் பணியில் தராசைவிட முக்கியமான கருவி வேறில்லை. ரிமு மரங்கள் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏராளமாகக் காய்க்கும்போதுதான் காகாபோ முட்டையிடும் என்பதால், கூடுதல் தீவனம் கொடுத்துப் பறவைகளை ஊக்குவிக்கலாம் என்று முன்பு கருதினார்கள். ஆனால் நன்றாகக் கொழுத்த தாய்களுக்கு ஆண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறந்தன; பெண் பறவைகளோ விரல்விட்டு எண்ணும் நிலையில் இருந்தன. அதன்பின் ஒவ்வொரு பெண் பறவையின் எடையையும் பார்த்து அளந்து தீவனம் தரத் தொடங்கினார்கள். 2002ஆம் ஆண்டுப் பருவத்தில் 24 குஞ்சுகள் பிழைத்து, மொத்த எண்ணிக்கை 62இலிருந்து 86 ஆயிற்று. பசிக்கிறதே என்று இரக்கப்பட்டுத் தீவனத்தைக் கூட்டிக் கொடுப்பது இங்கே உதவியாகாது.

தந்தை கூட்டின் பக்கமே வராது. குஞ்சுகளின் முழுப் பொறுப்பும் தாயுடையது. இரவில் அது இரை தேடிப் போகும் வேளையே காவலருக்குக் கிடைக்கும் அவகாசம். தாய் வெளியேறியது உறுதியானதும், பொந்துக்குள் மெதுவாகக் கைவிட்டு முட்டையை எடுத்து, விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். கருவுற்ற முட்டையில் மெல்லிய சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோல ஓடும். கருவுறாதது வெறும் மஞ்சளாகவே தெரியும். அடைக்கருவிக்குக் கொண்டுபோக வேண்டிய முட்டையானால், அதனிடத்தில் போலி முட்டையை வைத்துவிட்டால் தாய் அடைகாப்பதை நிறுத்தாது. பொரித்த குஞ்சைப் பின்னர் அதே தாயிடமோ, வேறொரு தாயிடமோ சேர்க்கலாம்.

குஞ்சு பொரித்தபின், தாய் இல்லாத நேரத்தில் அதை எடை பார்த்து முந்தைய அளவோடு ஒப்பிட வேண்டும். எடை ஏறிக்கொண்டிருந்தால் உடனே வைத்துவிட்டு விலகுங்கள். ஏறாமல் நின்றாலோ, மூச்சு இரைத்தாலோ, கூட்டிலிருந்து எடுத்துச் சிகிச்சை தர வேண்டும். 2019இல் பூஞ்சைத் தொற்றால் நுரையீரல் பாதித்த பறவைகள் பலவற்றுக்கு அப்படித்தான் சிகிச்சையளித்தார்கள்.

கையால் வளர்க்கும் குஞ்சை ஒருபோதும் தனியாக வளர்க்கக் கூடாது. நோயுற்றதால் மனிதரிடையே தனித்து வளர்ந்த சிரோக்கோ என்னும் ஆண் காகாபோ, மனிதரையே தன் இனமாகக் கருதி, பெண் பறவைகளை நாடவேயில்லை. அது நாடறிந்த பறவையானது உண்மைதான். ஆனால் இனப்பெருக்கக் கணக்கில் அது ஓர் இழப்பு. எனவே குஞ்சுகளைச் சேர்த்தே வளர்த்து, உடல் தேறியதும் காட்டுக்குத் திருப்பிவிட வேண்டும்.

சுமார் பத்து வாரத்தில் குஞ்சு கூட்டைவிட்டு வெளியேறும். அதற்கும் ஒரு டிரான்ஸ்மிட்டரைப் பொருத்தி, முதுகுப் பட்டை இறுக்கமாகவோ தளர்வாகவோ இல்லையா என்று விரலை நுழைத்துப் பார்க்க வேண்டும். வளர்கின்ற பறவை என்பதால், பட்டையை மீண்டும் சரிபார்க்க வேண்டிய நாளை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.