நரம்பு அறுந்ததற்கு ராடு என்ன செய்யும்? சீசன் முடிவில் தூண்டில் சாமானை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்துக்கெல்லாம் எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் பலவற்றில் குட்டை அளவுக்குத்தான் தண்ணீர் கிடக்கும். மேலூர் பக்கம் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா வைத்து, ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக இறங்கி, இருக்கிற மீனையும் அள்ளிவிடுவார்கள். தூண்டில்காரனுக்கு அதோடு சீசன் முடிந்த மாதிரிதான். அந்த வாரத்தில் மொட்டை மாடியில் பாயை விரித்து, ஐப்பசியிலிருந்து வாங்கிச் சேர்த்த சாமான் எல்லாவற்றையும் பரப்பி, எது உருப்படி, எது தண்டம் என்று பிரிப்பேன். தூண்டில் கழியான ராடு, இழையான நரம்பு, அதைச் சுற்றும் ரீல், முள், ரப்பர் தவளை, மழைக்கோட்டு, தொப்பி, செருப்பு எல்லாம் அதில் வரும்.

ரொம்ப நாள் நான் பிரித்ததெல்லாம் தப்பு. டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பைத் தடுத்து விடுகிற பிரேக்) பிடிக்கவில்லை என்று ஒரு நல்ல ரீலை மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்தேன். அவன் இன்றுவரை அதில்தான் மீன் பிடிக்கிறான். நம்பி வைத்திருந்த மழைக்கோட்டு அடுத்த ஐப்பசியில் கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கே கணக்கு பிசகியது என்று யோசித்ததில் தெரிந்துகொண்டவை இவை.

விழுந்த மீனை வைத்து மார்க் போடுவது

எல்லோரும் செய்வது இதுதான். பங்குனியில் ஒரு ரப்பர் தவளை வாங்குகிறோம். முதல் நாளே இரண்டு விரால். உடனே 'இது மாதிரி தவளை உலகத்திலேயே கிடையாது' என்று அதே கடையில் இன்னும் மூன்று வாங்கிப் போடுகிறோம். கார்த்திகையில் வாங்கிய இன்னொரு தவளை நாலு நாள் எறிந்தும் ஒன்றும் எடுக்காததால் பெட்டியின் அடியில் கிடக்கிறது.

இரண்டு மாதத்திலும் கண்மாய் எப்படி இருந்தது என்று யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. கார்த்திகையில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு கலங்கலாக நிற்கும். மீன் கண்மாய் முழுக்கப் பரவிக் கிடக்கும். பங்குனியில் அதே மீன் கால்வாசித் தண்ணீரில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. போதாததற்கு, விரால் காற்றை நேராக உறிஞ்சுகிற மீன். சூடேறிய ஆழமில்லாத தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையக் குறைய அடிக்கடி மேலே வந்து போகும். மேலே வருகிற மீனின் தலைக்கு நேராக எதை எறிந்தாலும் அடிக்க வாய்ப்பு அதிகம். தவளையின் சாமர்த்தியம் அதில் எவ்வளவு?

குஞ்சு காக்கிற விராலும் இப்படித்தான். செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் மிதக்கும். பக்கத்தில் எது விழுந்தாலும் தாய்மீன் பாய்ந்து விரட்டும். அது பசியில் வருகிற அடி இல்லை. அங்கே எறிந்து மீன் எடுத்துவிட்டு லூரை, அதாவது பொய் இரையை, மெச்சுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். தாயை எடுத்துவிட்டால் அந்தக் குஞ்சு அத்தனையும் போச்சு.

ஒரு லூர் நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் ஒரே நாளில், ஒரே இடத்தில், இரண்டை மாற்றி மாற்றி எறிந்து பார்க்க வேண்டும். இருபது வீச்சு இது, இருபது வீச்சு அது. சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை. கூடவே மீனைச் சாராத விஷயங்களையும் பாருங்கள். தவளையின் வயிற்றுக்குள் தண்ணீர் ஏறுகிறதா, முள் முனை மழுங்கிவிட்டதா, தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் சீமைக்கருவேலக் கொப்பில் மாட்டாமல் தாண்டி வருகிறதா. நம் கண்மாய்களில் கடைசிக் கேள்விதான் முக்கியம். பாதி லூர்கள் மீனைப் பார்ப்பதற்கு முன்பே கருவேலத்துக்குப் போய்விடுகின்றன.

அறுந்த நுனியைப் பார்க்காமல் தீர்ப்பு சொல்வது

வைகை அணைக்குக் கீழே ஒருநாள் நல்ல எடையுள்ள கட்லா ஒன்று மாட்டி, கரைக்கு வரும் நேரத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. 'ராடு சரியில்லை மாமா, வளையவே மாட்டேங்குது' என்றேன். மாமா ஒன்றும் பேசாமல் நரம்பின் நுனியை வாங்கிப் பார்த்தார். ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருந்தது.

'மாப்ள, நரம்பு அறுகல. நீ போட்ட முடிச்சு உருவிருச்சு. எச்சி தொட்டு இறுக்குன்னு எத்தன தடவ சொல்றது?'

நைலான் நரம்பைக் காய்ந்தபடியே இறுக்கினால் உராய்வில் சூடேறி முடிச்சு விழுந்த இடம் பலவீனமாகிவிடும். அதனால்தான் எச்சிலோ தண்ணீரோ தொட்டு மெதுவாக இறுக்கச் சொல்கிறார்கள். ஈரத்தில் முடிச்சு ஒழுங்காக வழுக்கிப் போய் உட்காரும். உருவவும் செய்யாது. அன்றைக்கு ராடின்மேல் நான் வைத்த குற்றம் முழுக்கப் பொய்.

அதிலிருந்து, எந்த மீன் போனாலும் முதலில் நுனியைப் பார்ப்பது என்று பழக்கிக்கொண்டேன். சுருள் சுருளாக இருந்தால் முடிச்சு உருவியிருக்கிறது. பிளேடு போட்டது போல ஒரே வெட்டாக இருந்தால் கல்லோ சிப்பியோ அறுத்திருக்கிறது. சொரசொரவென்று பிசிறடித்திருந்தால் முள்ளிலும் கொப்பிலும் தேய்ந்து தேய்ந்து கடைசியில் விட்டிருக்கிறது. இந்த மூன்றுக்கும் ராடு பொறுப்பில்லை. ரீலும் இல்லை. முடிச்சிலிருந்து தள்ளி, தேய்மானம் எதுவும் இல்லாத இடத்தில் நடுவே அறுந்திருந்தால்தான் நரம்பின் தரத்தையோ, டிராக் இறுக்கத்தையோ சந்தேகப்பட வேண்டும்.

நரம்புக்கு வயதாகும் என்பதையும் மறந்துவிடுகிறோம். நைலானுக்கு வெயில் ஆகாது. போன வருஷ நரம்பை ரீலிலேயே விட்டுவிட்டு, இந்த வருஷம் அறுந்ததும் 'இந்த கம்பெனி முன்ன மாதிரி இல்லை' என்பது அநியாயம். கடை வாசலில் வெயில் படும்படி தொங்கவிட்ட சுருளை வாங்குவதும் இதே கதைதான். ஒரு முழ நீளம் வெட்டி, நடுவில் சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, இரு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். புது நரம்பிலும் அதே மாதிரி செய்து பாருங்கள். வித்தியாசம் கைக்கே தெரிந்துவிடும்.

இப்போது மச்சானிடம் போன ரீல். அதில் நான் பிரெய்டு, அதாவது பல இழை பின்னிய நரம்பு, சுற்றியிருந்தேன். மீன் இழுத்தால் டிராக்கை எவ்வளவு முறுக்கினாலும் நரம்பு வெளியே போய்க்கொண்டே இருந்தது. டிராக் போச்சு என்று முடிவு கட்டினேன். மச்சான் நரம்பு முழுவதையும் உருவி, ஸ்பூல் என்கிற, நரம்பு சுற்றும் வழவழப்பான உருளையின்மேல் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டி, அதே நரம்பைத் திரும்பச் சுற்றினான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பிரெய்டுக்கு வழுவழுப்பான உலோகத்தில் பிடிமானம் கிடையாது. சுற்றிய நரம்பு மொத்தமும் ஒரு கட்டாக ஸ்பூலின்மேல் வழுக்கிச் சுழலும். அடியில் கொஞ்சம் சாதா நைலான் சுற்றினாலும் சரியாகிவிடும். ரீலைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

டிராக்கைச் சோதிக்க மீன் மாட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பொதுவாக, நரம்பு தாங்குகிற எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிராக் வைக்கக் கூடாது என்பார்கள். 10 பவுண்டு நரம்பு என்றால் நாலரைக் கிலோ, அதில் மூன்றில் ஒன்று ஒன்றரைக் கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, அரை லிட்டர் பாட்டில் ஒன்று, இரண்டையும் கட்டைப்பைக்குள் போட்டு நரம்பில் கட்டித் தொங்கவிட்டால் ஒன்றரைக் கிலோ. அந்த எடைக்கு நரம்பு விட்டுவிட்டு வெட்டாமல், ஒரே சீராக இறங்க வேண்டும். வெட்டி வெட்டி இறங்கினால் அப்போது ரீலைத் திட்டலாம்.

பெட்டியில் அச்சடித்த எண்கள்

பேரிங் எண்ணிக்கையை வைத்து ரீலை மதிப்பிடாதீர்கள். பதின்மூன்று மட்டமான பேரிங்கைவிட நல்ல பேரிங் மூன்று மேல். ராடு நீளமாக இருந்தால் நல்லது என்பதும் அப்படித்தான். அணைக்கட்டுத் திறந்தவெளிக்குப் பத்தடி சரி, கருவேலம் கவிந்த கண்மாய்க் கரையில் அது தொல்லை. கார்பன் ராடாக இருந்தால் இன்னொன்று: கார்பனில் கரண்டு பாயும். கண்மாய்க் கரையோரம் பம்புசெட்டுக்குப் போகிற கம்பிகளுக்குக் கீழே நின்று ராடைத் தூக்காதீர்கள். இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மழைக்கோட்டுக்குள் நனைந்தது மழையா வியர்வையா?

உடுப்பு விஷயத்தில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். அதில் மழைக்கோட்டுக்கு முதலிடம்.

கார்த்திகை மழையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறோம். கோட்டைக் கழற்றினால் சட்டை நனைந்திருக்கிறது. 'ஒழுகுது' என்கிறோம். பல நேரம் ஒழுகியிருக்காது. வேர்வையை வெளியே விடும் என்று விற்கிற துணி வேலை செய்ய வேண்டுமானால் கோட்டுக்குள் இருக்கிற ஆவி வெளியே இருப்பதைவிட நன்றாக அதிகமாக இருக்க வேண்டும். குளிர்நாட்டில் அந்த வித்தியாசம் பெரிது. மதுரை அடைமழையிலோ வெளியேயும் புழுக்கம், உள்ளேயும் புழுக்கம். ஆவி எங்கே போகும்? சட்டையில்தான் தங்கும். எனவே ஒரு நாளில் சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் கிராம், பதினைந்தாயிரம் கிராம் ஆவியை வெளியே விடும் என்று போட்ட கோட்டுக்குக் காசு கொட்டுவதை இந்த ஊருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அக்குள் பக்கம் காற்று வர வழி உள்ள கோட்டோ, தளர்வாக மேலே போர்த்துகிற பொன்சோவோ இங்கே அதிகம் உதவும்.

நிஜமாகவே ஒழுகுகிறதா என்று பார்க்க, உள்ளே தோள்பட்டையிலும் தையல் ஓரங்களிலும் செய்தித்தாளை மடித்துச் செருகி, குளியலறையில் ஷவருக்கு அடியில் ஹேங்கரில் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். ஆள் உள்ளே இல்லாததால் வியர்வைக் குழப்பம் இல்லை. தாள் நனைந்தால் ஒழுகுகிறது. இல்லையென்றால் கோட்டின்மேல் பழி போடாதீர்கள்.

புதிதில் கோட்டின்மேல் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடும். நாளாவட்டத்தில் துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கத் தொடங்கும். இதற்குள் கோட்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. மேலே பூசிய நீர்விலக்கி தேய்ந்திருக்கிறது, அல்லது சோப்பும் துணி மென்மையாக்கும் திரவமும் அதை மூடியிருக்கின்றன. நன்றாக அலசிக் காயவைத்து, துணியில் தைத்த குறிப்பு அனுமதித்தால் மிதமான சூட்டில் ஒரு மெல்லிய துணியை மேலே போட்டு இஸ்திரி தேய்த்தால் ஓரளவு திரும்ப வரும்.

உள்பக்கப் பூச்சு உரிந்து பிசுபிசுத்தால் மட்டும் வைத்தியம் இல்லை. என் கோட்டுக்கு அதுதான் நடந்தது. ஈரம் முழுசாகக் காயாமல் மடித்து, தகரக் கூரைக்கு அடியில் பரணில் ஆறு மாதம் வைத்தேன். சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பாலியூரத்தேன் பூச்சு சிதைந்துபோகும். ஆக, சித்திரையில் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று நான் போட்ட மார்க்குக்கு அர்த்தமே இல்லாமல் போனது. கோட்டு கெட்டது அதற்குப் பிறகுதான்.

காட்டன் கூடவே கூடாதா?

காட்டன் சட்டை போட்டு வெளியே போகாதே என்று வெளிநாட்டு வீடியோக்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அது குளிர்நாட்டுப் பேச்சு. நனைந்த காட்டன் காய நேரமாகும், உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். கொடைக்கானலில் இரவு தங்கினால் அது ஆபத்து. பங்குனி வெயிலில் வண்டியூர்க் கண்மாய்க் கரையில் நிற்கிறவனுக்கு அதே குணம்தான் வரம். மாமா துண்டை நனைத்துத் தலையில் கட்டிக்கொண்டு மத்தியானம்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். நான் விலை கொடுத்து வாங்கிய பாலியஸ்டர் சட்டையோடு நிழல் தேடி ஓடுவேன்.

ஆனால் வெயிலைத் தடுப்பதில் பாலியஸ்டர் முந்துகிறது. யு.பி.எஃப். 50 என்று போட்டிருந்தால் புறஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான், அதாவது 2 சதவீதம், உள்ளே வரும். மெல்லிசான வெள்ளைக் காட்டன் பனியனில் அதைவிடப் பல மடங்கு வரும், நனைந்தால் இன்னும் கூடும். அதனால் 'சொகம்', 'தடுப்பு' என்று இரண்டு மார்க் போடுவதுதான் நியாயம். ஒன்றில் ஜெயித்தது இன்னொன்றில் தோற்கலாம்.

கூலிங் கிளாஸ் போலரைஸ்டா (தண்ணீர்மேல் அடிக்கும் பளபளப்பைக் குறைக்கிற வகையா) என்று கடையிலேயே பார்த்துவிடலாம். செல்போன் திரைக்கு முன் கண்ணாடியைப் பிடித்து மெல்லச் சுழற்றினால் ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும். இருளவே இல்லையென்றால் பெரும்பாலும் அது வெறும் கறுப்புக் கண்ணாடி.

செருப்பைக் கடையின் டைல்ஸ் தரையில் நடந்து பார்த்து வாங்காதீர்கள். நம் கரைகளில் செருப்புக்கு இரண்டு பரீட்சைதான்: கருவேல முள் அடிப்பாகத்தைத் துளைக்கிறதா, ஈரக் கரம்பை மண்ணில் வழுக்குகிறதா. மெத்தென்ற ஸ்பான்ஞ்ச் செருப்புகள் முதல் பரீட்சையிலேயே போய்விடும்.

ஞாபகத்தை நம்புவது

ஆறு மாதம் கழித்து நமக்கு ஞாபகம் இருப்பது பெரிய மீனும் பெரிய எரிச்சலும் மட்டும்தான். இடையில் சத்தமில்லாமல் உழைத்த சாமான் நினைவுக்கே வராது. நான் பழைய டைரி ஒன்றில் போய்வந்த இரவே நாலு வரி எழுதிவைக்கிறேன்: இடம், எத்தனை மணி நேரம், எது மக்கர் செய்தது, அன்றைய வைகை அணை நீர்மட்டம். 71 அடியில் அன்றைக்கு எவ்வளவு என்று காலைப் பேப்பரிலேயே வந்துவிடும். கண்மாய்க்குப் போனால் குத்தகைதாரர் பெயரும் நம்பரும். மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் கேட்காமல் தூண்டில் போடுவது வம்பு.

அந்த டைரியை வைத்துத்தான் விலையையும் பார்க்கிறேன். 2,600 ரூபாய் ரீல் 26 நாள் வந்திருந்தால் நாளுக்கு 100 ரூபாய், இன்னும் ஓடுகிறது. 900 ரூபாய் கோட்டு மூன்று மழைக்குப் பிறகு உரிந்தால் மழைக்கு 300. மலிவு என்று வாங்கியது எது என்று இப்படிப் பார்த்தால்தான் தெரிகிறது.

சரி, பாயிலிருந்து எடுத்து வைக்கும்போது: ரீலின் டிராக்கைத் தளர்த்திவிடுங்கள், இறுக்கி வைத்தால் உள்ளே இருக்கும் வாஷர்கள் அமுங்கிவிடும். ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று கடலுக்குக் கொண்டுபோயிருந்தால் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். கோட்டை மடிக்காமல், வெயில் படாத அறையில் ஆணியில் மாட்டுங்கள். ஆவணி கடைசியில் ஒருமுறை உள்பக்கத்தைத் தடவிப் பார்த்து, அதற்கப்புறம் டைரியில் மார்க் போடுங்கள்.