தாராவியில் வேலு நாயக்கர் வீட்டைத் தேடாதீர்கள்

போன மாதம் மதுரையிலிருந்து வந்த உறவுக்காரப் பையன், தாராவி 90 அடி ரோட்டில் நின்றுகொண்டு, "மாமா, வேலு நாயக்கர் வீடு எந்தப் பக்கம்?" என்றான்.

"சென்னையில்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலு நாயக்கர் 1987-இல் வந்த 'நாயகன்' படத்தின் ஹீரோ. அந்தப் படத்தில் நாம் பார்க்கிற தாராவியில் பெரும்பகுதி, கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையில் போட்ட செட். அவருக்கு அதற்காகத் தேசிய விருதே கிடைத்தது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த திருநெல்வேலிப் பெரியவர் சிரித்தார். "எங்க அய்யா தோல் கிடங்கு வேலைக்கு வந்தவரு. அதை யாரு படம் எடுக்கா?"

படத்தை வரலாறாக எடுத்துக்கொள்வது ஒரு தவறு. நிஜத்தில் பம்பாய் தாதாவாக இருந்த வரதராஜன் முதலியாரின் சாயல் வேலு நாயக்கரிடம் உண்டு, ஆனால் அது அவருடைய வாழ்க்கை வரலாறு அல்ல. படம் வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். நாயக்கர் கோர்ட் வாசலில் சுடப்பட்டுச் சாகிறார், முதலியார் 1988-இல் சென்னையில் இறந்தார்.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். குறும்படம் எடுக்கிறவன், பையில் ஸ்கிரிப்ட் வைத்திருந்தான். ஊர்விட்டு மும்பைக்குப் பிழைக்க வந்தவன் தாதாவாகிற கதை. வாங்கிப் படித்தேன். ஹீரோ தாதரில் இறங்குகிறான், நாலாவது பக்கத்தில் கையில் கத்தி. ஏன்டா என்றால், "வறுமை மாமா" என்கிறான்.

வறுமையோடு வந்தவர்கள்தான் இங்கே எல்லோருமே. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே நெல்லைப் பக்கத்து ஆட்கள் தோல் பதனிட வந்தார்கள். இன்றும் விடியுமுன் இட்லி அவித்துத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் கத்தி இல்லையே. வறுமையோடு இன்னொன்றும் சேர வேண்டும்: சட்டம் அடைத்து வைத்த ஒரு கதவு. 1949-இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. கடைதான் மூடியது, குடிக்கிறவன் நாக்கு அப்படியேதான் இருந்தது. தூத்துக்குடிக்காரரான வரதராஜன், விடி (விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷனில் கூலியாக மூட்டை தூக்கியவர், கள்ளச்சாராயத்தில்தான் தலையெடுத்தார். தங்கத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. ராமநாதபுரம் பனைக்குளத்தில் பிறந்து இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்த ஹாஜி மஸ்தான் கடத்தல் மன்னன் ஆனார். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1932-இல் வந்த 'ஸ்கார்ஃபேஸ்' மதுவிலக்குக் காலத்து இத்தாலியக்காரனைப் பற்றியது. 1983-இல் அதே பெயரில் மறுபடி எடுத்தபோது ஹீரோ, 1980-இல் படகேறி மயாமிக்கு வந்த கியூபாக்காரன். சாராயத்தின் இடத்தில் கொகெய்ன். முன்வாசலில் சிபாரிசுக்கு ஆள் இல்லாதவன் பின்வாசலில் போய் நிற்கிறான். அந்த வாசலைக் காட்டாத கதையில் கத்தி வெறும் கத்திதான்.

அப்புறம் சபலம். கட்டுக்கட்டாகப் பணம், கார், கறுப்புக் கண்ணாடி என்று பையன் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். எனக்கென்னவோ, இந்த வகைப் படங்களில் ஆளைக் கவிழ்ப்பது பணம் இல்லை, வாசலில் நிற்கும் வரிசை. வெளியே "ஏய் மதராஸி" என்று கூப்பிடப்பட்டவனை நாலு சந்துக்குள் "ஐயா" என்கிறார்கள். 'காட்ஃபாதர்' ஆரம்பமே ஒரு சவப்பெட்டிக் கடைக்காரர்தான். அமெரிக்காவை நம்பியவர். மகளை அடித்தவர்களைக் கோர்ட் லேசாக விட்டதும் டானிடம் வந்து நிற்கிறார். அவரும் இத்தாலியக்காரர், யோக்கியமாகப் பிழைத்தவர். கேட்டு வருகிறவர்களின் பங்கை விட்டுவிட்டு டானை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

மும்பைத் தமிழன் என்றால் தாராவிதான் என்று நினைப்பதும் வழக்கம். மாட்டுங்காவில் குமாஸ்தாவும் டைப்பிஸ்டுமாக ஒரு தலைமுறையே இருந்தது. 1966-இல் சிவசேனா தொடங்கியபோது எழுந்த கோபம் பெரும்பாலும் அந்த ஆபீஸ் நாற்காலிகளைப் பற்றித்தான்.

இந்தக் கதைகளில் பிள்ளைகளைக் கவனிக்காமல் விடுவது, என் கணக்கில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. வந்தவன் தனக்காக ஆசைப்படுவது கொஞ்சம், பிள்ளைக்காகத்தான் அதிகம். 'காட்ஃபாதர்' டான் விட்டோ கார்லியோனி தன் மகன் மைக்கேலை செனட்டராகவோ கவர்னராகவோ பார்க்க நினைக்கிறார். மைக்கேல் அப்பாவின் நாற்காலியிலேயே வந்து உட்காருகிறான். நாயக்கரின் மகள் நேர்மாறு. வீட்டை விட்டு வெளியேறி, ஒரு போலீஸ் அதிகாரியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அப்பா ஆயுள் முழுக்கத் தட்டியும் திறக்காத வீட்டுக்குள் அவள் போய்விட்டாள், அவரை வெளியே விட்டுவிட்டு. அந்த உறவுக்கு ஒரு காட்சி எழுதுடா என்றேன். தலையாட்டினான்.

கடைசியாக மொழி. பையனின் ஹீரோ வந்த நாலாம் நாளே ஹிந்தியில் சரளமாக மிரட்டுகிறான். நான் வந்து 30 வருஷம் ஆகிறது. காய்காரர் "உன்சட்" என்றால் 49-ஆ 59-ஆ என்று இன்றும் மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, பேசாமல் நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிடுகிறேன்.