சொல்வதை எழுதுதல் மட்டும் போதாது: மூன்று, நான்காம் வகுப்புக்குச் சில எழுத்துப் பயிற்சிகள்

ஆசிரியர் ‘கரை’ என்கிறார். பிள்ளை ‘கறை’ என்று எழுதுகிறது. பிள்ளையின் காதில் கோளாறு இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்ப் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. னகரமும் நகரமும் அப்படித்தான். ல, ள, ழ மூன்றையாவது நாக்கைப் பழக்கிப் பிரித்துவிடலாம். மற்றவற்றைப் பொருளையும் விதியையும் கண்ணையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அதனால்தான் சொல்வதை எழுதுதலை மட்டும் நம்பும் வகுப்பில் ஜூனில் விழுந்த பிழை மார்ச்சிலும் நோட்டில் இருக்கிறது.

முதலில் அதையே கொஞ்சம் மாற்றலாம். தனிச் சொல்லாகச் சொல்லாமல் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள்: “ஆற்றங்கரையில் மாடு மேயுது. எழுது, கரை.” வாரத்துக்கு எட்டுச் சொல் போதும். திங்களன்று அறிமுகம், மறுநாள் ஒரு சோதனை, வெள்ளியன்று இன்னொன்று, அடுத்த வாரம் அதே எட்டிலிருந்து மூன்று. கரை–கறை, பனி–பணி, ஒலி–ஒளி போன்ற இணைகளை ஒரே நாளில் கற்பிக்காதீர்கள். பாடநூல் பயிற்சிகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கும். பெரியவர்களுக்கு அது வசதி, எட்டு வயதுப் பிள்ளைக்கு எது எது என்பதே கலங்கிவிடும். ஒன்று கை பழகிய பிறகு, அடுத்த வாரம் மற்றது.

ந வேட்டை

ந, ன குழப்பத்தை ஒரே பாடவேளையில் பெருமளவு தீர்க்கலாம். இருவருக்கு ஒரு பாடநூல், ஏதாவது ஒரு பக்கம். ‘ந’ வரிசை எழுத்து வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒரே கேள்வி: “இது சொல்லில் எங்கே உட்கார்ந்திருக்கு?” முதல் எழுத்தாகவோ, ‘த’ வரிசைக்கு முன்னால் புள்ளியோடோ (பந்து, வந்தான்) இருப்பதை அவர்களே சொல்வார்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பயிற்சி வீண். அடுத்து ‘ன’ எங்கே வருவதில்லை என்று கேளுங்கள்: சொல்லின் தொடக்கத்தில் வராது. ண், ன் இரண்டுக்கும் இதேபோல: ட-வுக்கு முன் ண் (வண்டி), ற-வுக்கு முன் ன் (கன்று).

யாராவது ஒரு பிள்ளை “திருநெல்வேலி?” என்று கேட்கும். கேட்க வேண்டும். திரு + நெல்வேலி என்று பிரித்துக் காட்டினால் விதி உடையவில்லை என்பது புரியும். ‘முந்நூறு’, பேருந்தில் எழுதியிருக்கும் ‘ஓட்டுநர்’, ‘நடத்துநர்’ போன்றவற்றுக்குச் சுவரில் ஒரு தாள் ஒட்டி, ‘அடங்காத சொற்கள்’ என்று தலைப்பிடுங்கள். அதில் சேர்க்கப் பிள்ளைகளே சொல் பிடித்து வருவார்கள்.

புளியங்கொட்டைப் புள்ளி

‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’, ‘காட்ச்சி’. பெரியவர்கள் அடிக்கும் பேனர்களிலும் இந்தப் பிழைகள் உண்டு. ட், ற் என்ற வல்லின ஒற்றுக்குப் (புள்ளி வைத்த எழுத்து) பின் இன்னொரு ஒற்று வராது. ய், ர், ழ் மூன்றுக்குப் பின் வரலாம். இலக்கணம் இதை ஈரொற்று மயக்கம் என்கிறது. பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம், கொட்டை போதும்.

நால்வர் குழுவுக்கு 19 அட்டைகள்: வ, ள, ர, ச, ச, சி, ம, கி, ழ, கா, ய, ல, ப, யி, ற, மு, ட, ந, பு. ஓர் அட்டை 7 × 10 செ.மீ. இருக்கட்டும், ஒரு முழுச் சார்ட்டில் ஐம்பதுக்கு மேல் வெட்டலாம். எந்த அட்டையிலும் புள்ளி கிடையாது. அதற்குக் குழுவுக்கு ஐந்து புளியங்கொட்டை. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தரையில் உட்காரவையுங்கள்.

‘மகிழ்ச்சி’ என்றதும் ம, கி, ழ, ச, சி என்று அடுக்கி, ழ-வின் தலையிலும் ச-வின் தலையிலும் கொட்டை வைக்க வேண்டும். பிறகு வளர்ச்சி, காய்ச்சல். மூன்றிலும் அடுத்தடுத்து இரண்டு கொட்டை இருப்பதையும், அதில் முதல் கொட்டை எந்த எழுத்தின்மேல் என்பதையும் கரும்பலகையில் குறித்துக்கொள்ளட்டும். இனி ‘பயிற்சி’. பாதிக் குழுக்கள் ற-வுக்கும் ச-வுக்கும் கொட்டை வைத்திருக்கும். “ற அந்தப் பட்டியலில் இருக்கா?” என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது கொட்டையையும் அதன் அடியிலிருந்த ச அட்டையையும் அவர்களே எடுப்பார்கள். அந்த எடுக்கும் கை முக்கியம். முயற்சி, காட்சி, நட்பு இவற்றோடு முடிக்கலாம்.

மூன்று மூலை

ல, ள, ழ மூன்றையும் வகுப்பின் மூன்று மூலையில் ஒட்டுங்கள். வாய் திறக்காமல் படம் மட்டும் காட்டுங்கள்: பல்லி, கிளி, வாழை, புலி. உரிய மூலைக்கு ஓட வேண்டும். முதல் ஆட்டத்திலேயே எல்லாரும் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பின்னால் ஓடிவிடும். ஆகவே முதலில் சிலேட்டில் எழுதி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பிறகு ஓட்டம். பத்து நிமிடத்துக்கு மேல் இழுத்தால் ஓட்டம் மட்டுமே மிஞ்சும்.

வீட்டுச் சொல், ஏட்டுச் சொல்

எலை, வெலை, ஒடம்பு, கொழந்தை, தொடப்பம். இவற்றை அப்படியே எழுதுவது கவனக்குறைவு அல்ல. அடுத்த அசையில் அ அல்லது ஐ வந்தால் பேச்சில் இ எ-ஆகவும், உ ஒ-ஆகவும் மாறும். நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் வீட்டில் சொல்வதையும் வலப்பக்கம் எழுதுவதையும் நிரப்பச் சொல்லுங்கள். இடப்பக்கத்தைத் தப்பு என்று அடிக்காதீர்கள். பாட்டி பேசுவது தப்பு என்றாகிவிடும். இரண்டு வாரத்தில் வேறு பிழை தலைகாட்டும்: ‘தொடை’யையும் ‘துடை’ என்று திருத்தி எழுதுவார்கள். எழுத்திலும் ஒகரமே உள்ள தொடை, கொடை, கொலை மூன்றையும் அப்போது தனியாகக் காட்டுங்கள்.

சொல்வளத்துக்கு வேர்ச்சொல் மரம். ‘நட’ என்ற வேரிலிருந்து நடை, நடைபாதை, நடைவண்டி, நடத்துநர். யாராவது ‘நடவு’ என்றால், அது ‘நடு’ என்ற வேறு மரத்துக் கிளை என்று பக்கத்தில் புது மரம் வரையுங்கள். வாரம் ஒரு மரம் போதும்.

பிழையாக எழுதிய சொல்லைத் திருத்திப் பத்து முறை எழுதச் சொல்லும் இம்போசிஷனை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். சொல் ‘வாழ்க்கை’ என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை முதலில் பத்து ‘வா’வை மேலிருந்து கீழே எழுதும், பிறகு பத்து ‘ழ்’, பிறகு பத்து ‘க்’. சொல் எழுதப்படவே இல்லை. அதற்குப் பதில் சொல்லைப் பார்த்து, மூடி, மனத்திலிருந்து எழுதி, திறந்து ஒப்பிடட்டும். இப்படி மூன்று முறை, நடுவில் வேறு வேலை. திருத்தும்போது தவறிய எழுத்தை வட்டமிடாமல் அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். எது பிழை என்று தேடுவது பிள்ளையின் வேலை.