பழைய காருக்கு பெட்ரோல் போடுறப்ப நாம பண்ற தப்புங்க

பழைய கார் வெச்சிருக்கவங்க பண்ற முதல் தப்பே பாசத்துல பெட்ரோல் போடுறதுதான். வயசான வண்டியாச்சே, நல்லதா ஊத்துவோம்னு பங்க்ல இருக்கறதுலயே பெரிய ஆக்டேன் நம்பரை போடச் சொல்லிடுவோம். நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் போட்டேன், என்னோடது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற பழைய பாகம்) வண்டி, கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை அமுக்கற அளவு, 8.5க்கு 1தான், அதுக்குப் போய் டேங்க் டேங்கா பிரீமியம், பிக்கப்பும் ஏறல மைலேஜும் ஏறல, பர்ஸ் மட்டும் இளைச்சுது.

ஆக்டேன் நம்பர்ங்கறது பெட்ரோலோட சத்து கிடையாது. ப்ளக் பத்தவெச்ச நெருப்பு பரவி வந்து சேர்றதுக்குள்ள ஓரத்துல இருக்கற மிச்ச கலவை சூடும் அழுத்தமும் தாங்காம தானா வெடிச்சுச்சுன்னா அதுக்குப் பேர்தான் நாக்கிங், அதை எவ்ளோ தாங்கும்ங்கற அளவுதான் அந்த நம்பர். ஐசோஆக்டேன்ங்கற திரவத்துக்கு 100, ஹெப்டேன்ங்கற திரவத்துக்கு 0ன்னு வெச்சு அளக்கறாங்க. கம்ப்ரஷன் கம்மியா இருக்கற இன்ஜின்ல கூடுதலா தாங்கற சக்திக்கு வேலையே இல்ல.

அதுக்காக கம்மி நம்பர் போட்டுட்டு காதை மூடிக்கறதும் தப்பு. புது கார்ல நாக் சென்சார் இருக்கும், சத்தம் வர்ற மாதிரி இருந்தாலே கம்ப்யூட்டர் டைமிங்கை, அதாவது ப்ளக் பத்தவைக்கற நேரத்தை, பின்னாடி தள்ளிடும். டிஸ்ட்ரிபியூட்டர் (ப்ளக்குகளுக்கு கரண்டைப் பிரிச்சு அனுப்பற பழைய பாகம்) வெச்ச வண்டிக்கு அந்த வேலையை உங்க காதுதான் பாக்கணும். ஏத்தத்துல டாப் கியர்லயே ஸ்பீடு குறைஞ்சு போறப்ப ஆக்ஸிலேட்டரை அமுக்கிப் பாருங்க, தகர டப்பாவுல சில்லறை போட்டு குலுக்கற மாதிரி கலகலன்னு கேட்டா அதுதான். உடனே காலை எடுத்துட்டு ஒரு கியர் இறக்குங்க. விடாம அப்படியே ஓட்டிட்டு இருந்தா பிஸ்டன் மேல குழி விழும், ரிங் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும்.

இன்னொண்ணு, "இதே பெட்ரோல்தான் பத்து வருஷமா போடுறேன், இப்பதான் சத்தம் வருது, பெட்ரோல்ல கலப்படம்"னு சொல்றவங்க நிறைய பேர். இருக்கலாம், ஆனா முதல்ல இன்ஜினைப் பாருங்க. வருஷக்கணக்கா பிஸ்டன் தலையில கரி படிஞ்சா உள்ள இடம் குறைஞ்சு கம்ப்ரஷன் ஏறிடும், அந்தக் கரியே கங்கு மாதிரி சூடாகி கலவையை முன்கூட்டியே பத்தவைக்கும், சாவியை ஆஃப் பண்ணின பிறகும் இன்ஜின் நிக்காம தடதடன்னு உதறிட்டே இருக்குன்னா பெரும்பாலும் இதுதான் காரணம். அப்புறம் டைமிங் ஓவர் அட்வான்ஸா, அதாவது ரொம்ப முன்னாடி, இருக்கா, ரேடியேட்டர் அடைச்சு இன்ஜின் சூடாகுதான்னும் பாக்கணும். ரெண்டு டிகிரி டைமிங் பின்னாடி வெச்சாலே சத்தம் அடங்கின வண்டிங்க உண்டு, ரொம்ப பின்னாடி வெச்சா பவரும் போய் சூடும் ஏறும், அதனால டைமிங் லைட் வெச்சுப் பாத்து வைக்கற மெக்கானிக்கா பிடிங்க.

நம்பரைப் படிக்கறதுலயும் கோட்டை விடுறோம். உலகத்துல பெரும்பாலான இடத்துல ஆர்ஓஎன் (RON) நம்பர் போடுவாங்க, அமெரிக்கா கனடாவுல ஆர்ஓஎன், எம்ஓஎன் (MON, ஆக்டேனை அளக்கற இன்னொரு முறை) ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துப் போடுவாங்க, அங்க 87ன்னா ஆர்ஓஎன் கணக்குல கிட்டத்தட்ட 91. அமெரிக்கக்காரர் வீடியோவுல 87 போதும்னு சொன்னா அதைக் கேட்டுட்டு நம்ம மேனுவலோட ஒப்பிட்டு குழம்பக்கூடாது. பழைய பிரிட்டிஷ் வண்டி மேனுவல்ல நாலு ஸ்டார்னு இருந்தா அது சுமார் 97 ஆர்ஓஎன்.

ஈயம் விஷயம் தனி. 1920கள்ல இருந்து நாக்கிங்கை அடக்க பெட்ரோல்ல ஈயம் கலந்தாங்க, அது வால்வு சீட்டுக்கும், அதாவது வால்வு மூடறப்ப போய் உக்கார்ற இடத்துக்கும், மெத்தை மாதிரி இருந்துச்சு. விஷம்னு ஒவ்வொரு நாடா நிறுத்தி, கடைசியா 2021ல அல்ஜீரியாவுலயும் கார்களுக்கு விக்கறதை நிறுத்தியாச்சு. அதுக்குப் பதிலா ஆக்டேன் அதிகமான பெட்ரோல் போட்டா சரியாயிடும்னு நினைக்கறது சுத்தத் தப்பு, ஆக்டேன் வால்வு சீட்டை காப்பாத்தாது. எக்ஸாஸ்ட் வால்வு கேப்பை அப்பப்ப செக் பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும் குறைஞ்சுட்டே வந்தா சீட் தேயுதுன்னு அர்த்தம், அடுத்து ஹெட் இறக்கறப்ப கடினமான சீட் போட்டுடுங்க. அலுமினிய ஹெட்டா இருந்தா பொதுவா இந்தக் கவலை வேண்டாம்.

என்னைக் கேட்டா பழைய காருக்கு ஆக்டேனை விட முக்கியமா பாக்க வேண்டியது பெட்ரோல்ல கலக்கற ஆல்கஹாலான எத்தனாலைத்தான். இதை யாரும் பாக்கறதில்ல, ஏன்னா எத்தனால் கலந்தா ஆக்டேன் ஏறும், நம்பர் பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒரு தடவை ஓடிட்டிருக்கப்ப பெட்ரோல் வாசனை வந்துச்சு, பானெட்டைத் திறந்து பம்புல இருந்து கார்புரேட்டருக்குப் போற ஹோஸை உருவினா உள்பக்க ரப்பர் கூழாகி விரல்ல மை மாதிரி கருப்பா ஒட்டுது. சூடான எக்ஸாஸ்டுக்கு ஒரு சாண் மேல அது! எத்தனால் பழைய ரப்பர், கேஸ்கெட், டயாஃப்ரம் எல்லாத்தையும் ஒரு கை பாத்துடும், டேங்க்ல பல வருஷமா படிஞ்ச அழுக்கையும் கரைச்சுக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும், காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து தண்ணி அதிகமானா பெட்ரோல்ல இருந்து பிரிஞ்சு அடியில தங்கி டேங்கை துரு பிடிக்க வைக்கும். அதுலயே ஆக்ஸிஜன் இருக்கறதால கலவை லீன் ஆகும், அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தாது, கார்புரேட்டருக்கு தானா சரி பண்ணிக்கத் தெரியாது, ஜெட் (பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை) மாத்தி ட்யூன் பண்ணினாத்தான் உண்டு. மைலேஜும் 10 சதவீத எத்தனால்ல சுமார் 3 சதவீதம் குறையும்.

அதனால எத்தனால் கம்மியா இருக்கற பெட்ரோல் கிடைச்சா பிரீமியமா இருந்தாலும் அதையே போடுங்க, இங்க அந்தக் காசுக்கு அர்த்தம் இருக்கு. கிடைக்கலைன்னா எஸ்ஏஈ ஜே30 ஆர்9னு (SAE J30 R9, பெட்ரோல் ஹோஸுக்கான தரக்குறி) மேலயே அச்சடிச்ச ஹோஸா பாத்து மொத்தமா மாத்திடுங்க, கூடவே பம்ப் டயாஃப்ரமும் கார்புரேட்டர் கிட்டும்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்ல "10 பாயின்ட் ஏறும்"னு போட்டிருந்தா 91 போய் 101 ஆகாது, ஒரு பாயின்ட்னா 0.1தான், 92 ஆகும், அவ்ளோதான்.

வண்டியை மாசக்கணக்குல நிறுத்தறவங்க டேங்க்ல என்ன கிரேடு இருக்குன்னு யோசிக்கறதை விட அது எத்தனை மாசத்து பெட்ரோல்னு யோசிங்க. மூடியைத் திறந்து மோந்து பாருங்க, பெட்ரோலோட காரம் போய் வார்னிஷ் வாடை அடிச்சா ஸ்டார்ட் பண்ணாதீங்க, வடிச்சுட்டு புதுசா ஊத்துங்க.