முதல் குதிரையா? சுழிக்கு முன் குளம்பைப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குதிரை ஆசை வந்தவர்கள் ஆடி மாதம் அந்தியூருக்குத்தான் கிளம்புவார்கள். குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டக்குதிரை எல்லாம் வரும். போங்கள், பத்துக் குதிரையைத் தொட்டுப் பாருங்கள். ஆனால் முதல் குதிரையை அன்றைக்கே பிடித்துக்கொண்டு வராதீர்கள். அந்தக் கூட்டத்தில் அதன் இயல்பு தெரியாது. வலி மருந்து போட்டிருந்தால் நொண்டலும் ஓரிரு நாள் மறைந்திருக்கும். பிடித்த குதிரையை விற்பவர் ஊரில் போய்ப் பாருங்கள். நான்கைந்து நாள் விட்டு, சொல்லாமல் இன்னொரு முறை போங்கள்.

புதியவருக்கு 8 முதல் 14 வயதுக்குள், ஆள் ஏறிப் பழகிய பெட்டை அல்லது காயடித்த ஆண் போதும். பொலிகுதிரை வேண்டாம். 'குட்டியில் வாங்கினால் கைப்பழக்கம் வரும்' என்பார்கள். குட்டிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்றால் யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது? கல்யாண ஊர்வலத்துக்கு ஆட்டம் பழகிய குதிரை மேளச் சத்தம் கேட்டாலே காலைத் தூக்கும். பெங்களூர் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை ஓசூர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கலாம். வேகத்துக்கே பழகியது, மூட்டுகளும் தேய்ந்திருக்கலாம்.

அடுத்து எடைக் கணக்கு. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப் பிடியுங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 150, நீளம் 145 என்றால் சுமார் 275 கிலோ. சேணத்தோடு சேர்த்து அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 55 கிலோதான் அது சுமக்கலாம். 75 கிலோ ஆள் ஏறினால் முதுகு போய்விடும்.

வயதுக்கு வாயைத் திறங்கள். முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதில் மாறும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். ஐந்தில் மாட்டுக்குச் சொல்வதுபோலக் கடை சேர்ந்துவிடும், அதாவது முன்பற்கள் எல்லாம் நிலைப்பற்களாகிவிடும். மேல்தாடை ஓரப்பல்லின் வெளிப்பக்கத்தில் ஒரு பள்ளக்கோடு பத்து வயதுவாக்கில் ஈறோரம் தொடங்கும். பல்லின் பாதிக்கு வந்திருந்தால் 15, அடிவரை ஓடியிருந்தால் 20. இதில் ஓரிரண்டு வருடம் முன்பின் இருக்கும்.

இனி கால். சிமெண்ட் தரையிலோ தார் ரோட்டிலோ கயிற்றைத் தளர்த்திப் பிடித்து மெல்லோட்டமாக ஓட்டச் சொல்லுங்கள். முன்னங்கால் வலித்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். மண் தரையில் ஓட்டிக் காட்டுவது இதை மறைக்கத்தான். நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். அடியில் உள்ள முக்கோண மெத்தை கறுத்து, நசநசவென்று நாறினால் அழுகல். ஈர லாயத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். குளம்புச் சுவரில் வளையங்கள் முன்னால் நெருங்கி, குதிகால் பக்கம் விரிந்து போனால் முன்பு குளம்பு அழற்சி வந்திருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், விலை குறைத்தாலும் சரி.

சுழியைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்பில் முடி சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்து, நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி என்று விலையை ஏற்றி இறக்குவார்கள். சுழிக்கும் நடைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் திரும்ப விற்கும்போது அடுத்தவர் பார்ப்பார், அவ்வளவுதான்.

முன்பணம் கொடுக்குமுன் கால்நடை மருத்துவரை வைத்து இரத்தம் எடுத்து கிளாண்டர்ஸ் (பாக்டீரியாவால் வரும் தொற்றுநோய்), சர்ரா (ஈ கடித்துப் பரவும் இரத்த ஒட்டுண்ணி நோய்) இரண்டுக்கும் சோதியுங்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் ஒட்டும். உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழியில்லை. டெட்டனஸ் தடுப்பூசி போட்ட தேதியைக் கேளுங்கள். தெரியாது என்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்ற, பயணத்துக்குத் தகுதி என்ற மருத்துவர் சான்றும் கையில் வேண்டும்.

தீனியில்தான் நம் பக்கம் அதிகம் தப்பு நடக்கிறது. மாட்டுக்கு வளர்த்த கோ-4 என்ற கம்பு நேப்பியர் தீவனப் புல்லையே குதிரைக்கும் போடுவார்கள். அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அதையே போட்டு, மேலே தவிடும் வைத்தால் முக எலும்பு வீங்கும், கால் நொண்டும். ராகித்தாள், அறுகம்புல் இவற்றை அடிப்படையாக வையுங்கள். கூடவே காய்ந்த குதிரைமசால் (லூசர்ன் தீவனப் பயிர்) ஒரு கிலோ. பெயரிலேயே குதிரை இருக்கிறது, காரணமில்லாமல் இல்லை. 275 கிலோ குதிரைக்கு நாளுக்கு மொத்தம் ஐந்தரைக் கிலோ உலர்தீவனம், நான்கைந்து வேளையாக. கொள்ளு இரவு ஊறவைத்து வேகவைத்தது மட்டும். 200 கிராமில் தொடங்கி பத்து நாளில் மெல்ல ஏற்றுங்கள். உப்பு 30 கிராம். தண்ணீர் 25 முதல் 40 லிட்டர். போர் தண்ணீரில் புளோரைடு இருக்கும் ஊர்களில் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் நல்லது.

கோழித் தீவனம் வாயில் படக்கூடாது. அதில் கலக்கும் மொனென்சின் போன்ற மருந்து குதிரையின் இதயத்தைக் கொல்லும். மாம்பழக் கூழ் ஆலைத் தோலை மாட்டுக்குப் போல அள்ளிக் கொட்டாதீர்கள். சர்க்கரை திடீரென்று ஏறினால் வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால்தான் வயிற்று வலி இவ்வளவு ஆபத்து. செம்மண் தரையில் போட்ட தீனியோடு மண்ணும் உள்ளே போகும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் சாணியை வாளித் தண்ணீரில் கரைத்து வையுங்கள். அடியில் மணல் தங்கினால் தீனியைத் தொட்டிக்கு மாற்றுங்கள். அடிக்கடி வயிற்றைத் திரும்பிப் பார்த்தால், தரையில் புரண்டால், சாணி போடாவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்; அரசு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி எண் 1962.

லாயம் 12-க்கு 12 அடி, தரை காய்ந்திருக்க வேண்டும். குளம்பு சீவி லாடம் மாற்ற ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வர வேண்டும். அந்த லாடக்காரர் உங்கள் ஊருக்கு வருவாரா என்பதைக் குதிரை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.