சாக்ஸ் தேடாத ஜூன் மாதம்

எங்கள் வீடு பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்புக்குள். போன வருடம் ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் முழுக்க, வேன் வாசலில் ஹாரன் அடிக்கும்போதுதான் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தோம். சின்னவள் ஒருநாள் ஒற்றைச் சாக்ஸைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

இந்த வருடம் மே கடைசியிலேயே வேலையைத் தொடங்கினேன். பை படுக்கையறையில், ஷூ பின்கட்டில், டைரி டிவி மேல் என்று சிதறிக் கிடந்ததை எல்லாம் ஆசாரத்துக்கு, அதாவது வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். ஆளுக்கு இரண்டு கொக்கி. முதலில் என் உயரத்துக்கு அடித்திருந்தேன். பிள்ளைகளுக்கு எட்டாமல் பை திரும்பத் தரைக்கே வந்தது. அவர்கள் தோள் உயரத்துக்கு இறக்கிய பிறகுதான் சரியானது.

பெரிய தொல்லை துணிதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்துவிட்டால் இங்கே சாரல் விடாது. வெளியே காயப்போட்ட சீருடை இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. அதனால் கொடியை உள்ளே ஃபேனுக்கு நேராகக் கட்டினேன். சாயங்காலம் வந்ததும் துவைத்து, நன்றாகப் பிழிந்து போட்டால் காலைக்குள் காய்ந்துவிடுகிறது. காலர் மட்டும் ஈரமாக இருந்தால் இஸ்திரிப்பெட்டி போதும். சாக்ஸை ஜோடியாகக் கிளிப் போட்டுத்தான் கொடியில் மாட்டுகிறேன்.

அப்புறம் ஆதார், சாதிச் சான்றிதழ், போட்டோ, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்) எழுதிய சீட்டு எல்லாம் நகலோடு ஒரே ஃபைலில், அட்டாலியில், அதாவது பரணில்.

அப்பத்தாவுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ராத்திரிச் சோற்றுக்கு முன்னால், "கண்ணு, டைரியில கையெழுத்து வாங்கிட்டியா?" என்று கேட்டுவிடுவார். இப்போது வேன் வருவதற்கு முன்பே சின்னவள் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.