கலிஃபோர்னியால பழைய வீட்ட ரீமாடல் பண்றீங்களா? பெர்மிட்டுக்கு முன்னாடி டாய்லெட், ஷவர், குழாயெல்லாம் செக் பண்ணிருங்க

ஃப்ரீமான்ட், சன்னிவேல், சான் ஹோசே பக்கம் வீடு வாங்குற நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு அமையுறது 60கள்லயும் 70கள்லயும் கட்டுன வீடுதான். வாங்குன கையோட கிச்சன இடிச்சுப் பெருசு பண்ண பெர்மிட் எடுப்பாங்க, கவுன்டர்டாப், கேபினெட்னு எல்லாம் முடிஞ்சு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வரைக்கும் வந்தப்புறம்தான், கையே வெக்காத கெஸ்ட் பாத்ரூம்ல இருக்குற பழைய டாய்லெட்டால சைன் ஆகாம நிக்கும். நீங்க வேலை பண்ற ரூம் மட்டும்தான் கணக்குன்னு தயவுசெஞ்சு நெனச்சுக்காதீங்க, தனி வீட்டுல முழு வீடும் கணக்குல வரும்.

இதுக்குக் காரணம் தண்ணிய மிச்சம் பண்ண கலிஃபோர்னியா போட்ட ஒரு சட்டம், பேரு எஸ்பி 407 (செனட் பில்), 2009ல கொண்டுவந்தது. 1994 ஜனவரி 1 வரைக்கும் கட்டி முடிச்ச கட்டடங்களுக்கு இது பொருந்தும். தனி வீட்டுல 2014ல இருந்து ரீமாடல் பெர்மிட் எடுத்தா தண்ணிய அதிகமா இழுக்குற பழைய ஃபிக்ஸ்சர் (டாய்லெட், ஷவர், குழாய்) எல்லாத்தையும் மாத்துனாத்தான் ஃபைனல் கெடைக்கும், 2017ல இருந்து ரீமாடலே பண்ணலன்னாலும் மாத்தியிருக்கணும், வீட்ட விக்கிறவங்க பழசு ஏதாவது இருந்தா வாங்குறவங்களுக்கு எழுத்துல சொல்லியாகணும். அதனால வீடு வாங்கும்போதே டிஸ்க்ளோஷர்ல அந்தப் பக்கத்தத் தேடிப் படிங்க. அப்பார்ட்மென்ட், கடை, ஆபீஸுக்கெல்லாம் கெடு 2019.

ரொம்பப் பேர் குழம்புற எடம் ஒண்ணு இருக்கு. ஏற்கெனவே இருக்குறத வெச்சுக்கறதுக்கு ஒரு அளவு, புதுசா வாங்கி மாட்டுறதுக்கு வேற அளவு. இருக்குற டாய்லெட் ஒரு ஃப்ளஷ்க்கு 1.6 கேலனுக்குள்ள, ஷவர் நிமிஷத்துக்கு 2.5 கேலனுக்குள்ள, குழாய் 2.2க்குள்ள இருந்தா மாத்தத் தேவையில்ல, அப்படியே விட்டுரலாம். ஆனா புதுசா போடுறதா இருந்தா டாய்லெட் 1.28 கேலன் (4.8 லிட்டர்), ஷவர் 1.8, பாத்ரூம் வாஷ்பேசின் குழாய் 1.2, கிச்சன் குழாய் 1.8. கிச்சன் குழாய்ல பட்டன அமுக்குனா கொஞ்ச நேரம் 2.2 வரைக்கும் வர்ற மாடலுக்கு அனுமதி உண்டு, கைய எடுத்தா தானா 1.8க்குத் திரும்பிரணும், பெரிய பாத்திரத்துல தண்ணி புடிக்கறவங்க அதப் பாத்து வாங்குங்க.

இப்ப செக் பண்றது எப்படின்னு பாப்போம். டாய்லெட்ல சீட்டோட கீலுக்குப் பின்னாடி, இல்லன்னா டேங்க் ஓரத்துல 1.6 ஜிபிஎஃப், 1.28 ஜிபிஎஃப்னு (ஜிபிஎஃப்னா ஒரு ஃப்ளஷ்க்கு எத்தன கேலன்) அச்சடிச்சிருக்கும். இல்லையா, டேங்க் மூடிய ரெண்டு கையாலயும் மெதுவா தூக்கி (பீங்கான், கீழ விழுந்தா போச்சு) டவல் மேல வெச்சுட்டு உள்பக்கச் செவத்துலயும் மூடிக்கு அடியிலயும் பாருங்க, தயாரிச்ச தேதி பதிஞ்சிருக்கும். 93க்கு முந்தின தேதின்னா அநேகமா 3.5 கேலன், அதவிடப் பழசுன்னா அஞ்சுக்கும் மேலகூட போகும். நாலு பேர் இருக்குற வீட்டுல ஆளுக்கு அஞ்சு தடவன்னு வெச்சாலே 3.5ல இருந்து 1.28க்கு மாத்துனா தெனம் 44 கேலன், அதாவது கிட்டத்தட்ட 168 லிட்டர் மிச்சம். இவ்வளவு நல்ல தண்ணி சும்மா சாக்கடைக்குப் போறது எனக்கு மனசு கேக்கவே மாட்டேங்குது, சட்டம் இல்லன்னாலும் இத மாத்தத்தான் சொல்லுவேன்.

ஷவருக்கு காலியான ஒரு கேலன் பால் கேன் போதும். அதுல தண்ணி நெறச்சு பக்கெட்ல ஊத்தி, மட்டத்துல மார்க்கர்ல கோடு போட்டுக்கோங்க. தண்ணிய கொட்டிட்டு ஷவர முழுசா தொறந்து பக்கெட்ட அடியில வெச்சு ஃபோன்ல டைமர் போடுங்க, 24 செகண்டுக்கு முன்னாடியே கோட்டத் தொட்டுட்டா 2.5க்கு மேல போகுதுன்னு அர்த்தம், மாத்தணும். குழாய்க்கு 27 செகண்ட் கணக்கு. குழாய் மட்டும் அதிகமா போனா பெரும்பாலும் முழுக்குழாயும் மாத்த வேணாம், நுனில சல்லடை மாதிரி இருக்குற ஏரேட்டர கழட்டிட்டு சரியான அளவுல ஒண்ணு மாட்டுனா வேலை முடிஞ்சுது.

டாய்லெட் வாங்கும்போது பிராண்டையோ வெலையையோ வெச்சு முடிவு பண்ணாதீங்க, மேப் ஸ்கோர் பாருங்க. ஒரே ஃப்ளஷ்ல எத்தன கிராம் தள்ளுதுன்னு டெஸ்ட் பண்ணி போடுற நம்பர் அது, தண்ணி மிச்சம் பண்ற சாமானுக்கு அரசாங்கம் தர்ற வாட்டர்சென்ஸ் லேபிளுக்கு 350 கிராம் போதும், ஆனா 1000 கிராம் தள்ளுற 1.28 கேலன் மாடலும் நெறைய இருக்கு, அதுல ஒண்ண எடுத்தா ரெண்டு தடவ ஃப்ளஷ் பண்ற தொல்லை இருக்காது. கடைக்குப் போறதுக்கு முன்னாடி செவத்துல இருந்து தரையில இருக்குற போல்ட் நடு வரைக்கும் அளந்துக்கோங்க, பேஸ்போர்டுல இருந்து அளக்கக் கூடாது. பொதுவா 12 இன்ச், பழைய வீட்டுல 10, 14 எல்லாம் வரும். மாட்டும்போது வேக்ஸ் ரிங் (டாய்லெட்டுக்கும் தரை பைப்புக்கும் நடுவுல லீக் ஆகாம அடைக்கிற மெழுகு வளையம்) புதுசாத்தான் போடணும். மாட்டி முடிச்சுட்டு டேங்க்ல கொஞ்சம் கேசரி பவுடர் போட்டு கால் மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம விடுங்க, கீழ பௌல்ல கலர் எறங்குனா ஃப்ளாப்பர் (டேங்க் அடியில இருக்குற ரப்பர் மூடி) லீக்.

ரெய்ன் ஷவரும் ஹேண்ட் ஷவரும் சேத்து போடணும்னு ஆசைப்படுறவங்களுக்கு, ஒரே வால்வுல ரெண்டும் ஒண்ணா ஓடுனா மொத்தமே 1.8தான், இல்லன்னா ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் வர்ற மாதிரி டைவர்ட்டர் வேணும். பழைய ரெண்டு கைப்பிடி வால்வ அப்படியே விட்டுட்டு ஷவர் தல மட்டும் 1.8க்கு மாத்துனா, வேற எங்கயாவது ஃப்ளஷ் பண்ணும்போது திடீர்னு சுடுதண்ணி அடிக்கும், சின்னப் பசங்க, பெரியவங்க இருக்குற வீட்டுல இது ஆபத்து. செவத்த ஒடச்சிருக்கும்போதே அத பிரஷர் பேலன்ஸ் வால்வா (அழுத்தம் மாறுனாலும் சூடு திடீர்னு ஏறாம பாத்துக்கறது) மாத்திருங்க, அந்த 1.8 ஃப்ளோவுக்கு ரேட் பண்ணதான்னு ப்ளம்பர்கிட்ட கேட்டுக்கோங்க.

பைப் வேலை நடந்திருந்தா ஏரேட்டரையும் ஷவர் தலையையும் மாட்டுறதுக்கு முன்னாடி தண்ணிய கொஞ்ச நேரம் தொறந்து விடுங்க, உள்ள இருக்குற மண்ணு, துகள் எல்லாம் போயிரும், இல்லன்னா மறுநாளே அடச்சுக்கும்.

பேப்பர் வேலையும் இருக்கு. நெறைய சிட்டில வீட்டுக்காரரே சைன் பண்ணித் தர்ற ஒரு சர்ட்டிஃபிகேட் ஃபார்ம் உண்டு, பெர்மிட் வாங்குற அன்னிக்கே அதக் கேட்டு வாங்கிக்கோங்க. எந்தெந்த வேலைக்கு இந்த ரூல் வரும்ங்குறது ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், அதையும் அதே கவுன்டர்ல கேட்டுருங்க. வீட்டோட அமைப்பால மாத்தவே முடியாதுன்னு லைசென்ஸ் வெச்ச ப்ளம்பர் எழுதிக் குடுத்தா வெலக்கு இருக்கு. வாங்குன ரசீதையும் ஸ்பெக் ஷீட்டையும் ஒரு கவர்ல போட்டு வீட்டுலயே வெச்சுருங்க, இன்ஸ்பெக்டர் கேட்டா அங்கேயே எடுத்துக் காட்டிரலாம்.